கட்டையில் செதுக்கிய பெயர்

காரிமங்கலம் சந்தைக்குப் போகிற சாலையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த அமலனுக்குத் துரு என்றால் பயமில்லை. இருபத்தாறு வருடமாக அவன் பிழைப்பே துருவோடுதான். கிணற்று மோட்டாரின் தண்டு, டிராக்டர் கொக்கி, மழையில் கிடந்து இறுகிப்போன கரும்பு ஆலைப் பல்சக்கரம் என்று எது வந்தாலும் டீசலில் ஊறப்போடுவான், கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பான், மூன்றாம் நாள் இரும்பு பளபளவென்று எழுந்து உட்காரும். அதனால் தாத்தாவின் துப்பாக்கியை யாரிடமும் கொடுக்காமல் தானே சீர்படுத்துவது என்று அவன் முடிவு செய்தபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவன் அப்பா சின்னப்பராஜ் மட்டும் எழுந்து வெளியே போனார்.

துப்பாக்கி கிடைத்தது தை மாதத்தில். ஊருக்குள் இருந்த பழைய மண்சுவர் வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு கட்ட ஜேசிபி வந்திருந்தது. சாமான் அறையின் பின்சுவர் சரிந்தபோது அதற்குள் நீளமாக ஒரு பொந்து தெரிந்தது. உள்ளே ரப்பர் பூசிய பட்டாளத்து விரிப்பில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிய ஒரு பொட்டலம். பிரித்தால் துப்பாக்கி. கயிற்றைக் கரையான் தின்றிருந்தது, மரத்தைத் தொடவில்லை. இரும்பு முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு பூத்து, குண்டைத் தள்ளி ஏற்றும் போல்ட்டும் குழலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அப்படி ஒன்று இருப்பதாகக் குடும்பத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அமலனின் தாத்தா சவரியப்பன் நாற்பத்திரண்டில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாச் சண்டைக்குப் போனவர். ஜப்பான்காரன் ஒருவனை வீழ்த்தி, அவன் துப்பாக்கியைப் பிடுங்கி, கழற்றிப் படுக்கைச் சுருட்டுக்குள் மறைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது கதை. கோயில் திருவிழாவுக்குப் பங்காளிகள் கூடும்போதெல்லாம் யாராவது அதைச் சொல்வார்கள். துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. எழுபத்து நாலில் தாத்தா இறந்தபோது அது போன இடமும் தெரியவில்லை. ‘பட்டாளத்தார் வூடு’ என்ற பெயர் மட்டும் நின்றது.

பொட்டலத்தைப் பார்த்ததும் சின்னப்பராஜ் அதை நோக்கி விரைந்து வந்தார். எழுபத்தொன்பது வயதில் அவர் அப்படி வேகமாக நடந்து வந்து அமலன் பார்த்ததில்லை.

“மூடுடா. ஜேசிபிக்காரன் பாக்கறதுக்குள்ள மூடு. கொண்டுபோயி எங்கியாவது கெணத்துல போடு.”

“போலீசுக்குப் பயப்படறீங்களாப்பா? நான் முறையா எழுதிக் குடுத்துக்கறன்.”

“போலீசு கெடக்குது” என்றார்.

அமலன் சொன்னபடி செய்தான். அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தான். துப்பாக்கிகள் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் வந்து புரட்டிப் பார்த்தார்.

“யாருங்க இத ஜப்பான் துப்பாக்கின்னு சொன்னது? வெள்ளக்காரன் துப்பாக்கிங்க இது. எங்க டிபார்ட்மெண்ட்லயே இது ரொம்ப வருஷம் ஓடுச்சு.”

அமலனுக்குச் சப்பென்று போய்விட்டது. தாத்தா தன் சொந்தத் துப்பாக்கியைத்தான் கொண்டுவந்திருப்பார், ஜப்பான்காரன் பிறகு வந்து கதையில் ஒட்டிக்கொண்டிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். குழலின் வாயை வெல்டிங் வைத்து அடைத்து, குண்டு உட்காரும் இடத்தில் துளை போட்டுக் கெடுத்து, இனி இது வெடிக்காது என்கிற தாள் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் வீடு எழும்பிவிட்டது. கூடத்தில் பட்டாளத்து உடுப்போடு தாத்தா நிற்கிற படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்கு இடமும் விட்டாயிற்று.

“மாதா படத்துக்கு நேர் எதிர்லயா துப்பாக்கிய மாட்டப்போறீங்க?” என்றாள் அவன் மனைவி ஷைனி.

“மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ சொல்லாம இருந்தாப் போதும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமலன் பட்டறைக்குப் போய்விடுவான். அன்று வேலையாட்கள் வரமாட்டார்கள், தனியாக நிதானமாகச் செய்யலாம். முதல் ஞாயிறு முழுக்க டீசலும் கம்பி பிரஷ்ஷுமாகப் போனது. மத்தியானம் கரண்ட் நின்றது. லேத்து, கிரைண்டர், ஃபேன் எல்லாம் அடங்கி, வெயிலில் தகரக் கூரை விரிகிற சத்தம் மட்டும் இருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போல்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“எந்த ஊரு?”

ஆண் குரல். வழி தெரியாமல் வந்தவர் யாரோ பேச்சுக் கொடுக்கிறார் என்று, “இதே ஊருதாங்க” என்றபடி திரும்பினான். வாசலில் ஆளில்லை. எழுந்துபோய்ச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். எதிரே புளியமரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. வெயிலில் சாலை வெறிச்சென்று கிடந்தது.

அடுத்த ஞாயிறும் கேட்டது. இந்த முறை கரண்ட் இருந்தது, ஃபேன் ஓடியது, அப்படியும் தெளிவாகக் கேட்டது. அவன் பதில் சொல்லவில்லை, திரும்பவும் இல்லை. கையில் பிரஷ்ஷோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. குரல் ஒரு ஆள் நிற்கிற உயரத்திலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது. கீழே படுத்திருக்கிற ஒருவன் தலையைத் தூக்கிக் கேட்டது போல இருந்தது.

மூன்றாம் ஞாயிறு ஷைனி சாப்பாடு கொண்டுவந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே கால் வைத்தவள் நின்றாள்.

“யாரு உள்ள? சாப்பாடு ஒருத்தருக்குத்தான கொண்டாந்தன்.”

“யாருமில்லியே.”

“எந்த ஊருன்னு கேட்டாங்களே. நான் உங்கள்ட்டதான் கேக்கறாங்கன்னு நெனச்சன்.”

ஷைனி கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பட்டறைக்குள் வரவே இல்லை.

அந்த வாரம் சாப்பிடும்போது அமலன் இதை அப்பாவிடம் வேடிக்கை போலச் சொன்னான். வேடிக்கையாக்கிவிட்டால் சின்னதாகிவிடும் என்று நினைத்தான். “துப்பாக்கிய எடுத்தாப் போதும்ப்பா, யாரோ வந்து எந்த ஊருன்னு கேக்கறாங்க. ஷைனிக்குக்கூடக் கேட்டுச்சு.”

சின்னப்பராஜ் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டார். கையைக் கழுவாமல் எழுந்து போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான்காம் ஞாயிறு அமலன் குழலையும் மரத்தையும் பிரித்தான். அந்தத் துப்பாக்கியில் குழலுக்கு அடியிலும் மேலும் மரம் உறை போல மூடியிருக்கும். வளையங்களைக் கழற்றி, இறுகிய திருகாணிகளைச் சூடு காட்டி நெகிழ்த்தி, குழலை மெல்லத் தூக்கியபோது அடிக்கட்டையின் பள்ளம் தெரிந்தது. எண்ணெயும் சூடும் ஏறிக் கறுத்த பள்ளம். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். கீறல்கள் எழுத்தாகின.

மாதப்பன். இண்டூர். சேலம் ஜில்லா.

ஆணி முனையாலோ கத்தி நுனியாலோ செதுக்கியது. எழுதிப் பழக்கமில்லாத கை. ‘ஜில்லா’வில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரிவதற்கு வெகு காலம் முந்திய எழுத்து. மேலதிகாரி கண்ணில் படாத இடமாகப் பார்த்து, குழலுக்கு அடியில் ஒருவன் தன் பெயரை ஒளித்து வைத்திருக்கிறான்.

அமலன் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் குரல் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கேட்டவன் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது போலப் பட்டது.

கட்டையைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அப்பாவின் கட்டிலில் வைத்தான். அவர் கண்ணாடி போடாமலே விரலால் தடவிப் பார்த்தார்.

“பேரு வேற எழுதி வெச்சிருக்கானா” என்றார். பிறகு, “கதவச் சாத்துடா” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அமலன் தரையில் உட்கார்ந்து கேட்டான்.

“ஜப்பான்காரன்லாம் கெடையாது. மலேயாவுல ரப்பர் தோட்டத்துக்குப் போன நம்ம சனங்க வெள்ளக்காரன எதுத்து ஒரு பட்டாளத்துல சேந்தாங்க இல்ல, ஜப்பான்காரங்கூட நின்னு சண்ட போட்டாங்களே, அதுல இருந்தவன். எங்கப்பா இந்தப் பக்கம். அவன் அந்தப் பக்கம். ரெண்டு பேர் கையிலயும் ஒரே வெள்ளக்காரன் துப்பாக்கி. எங்கப்பா சாவறதுக்கு நாலு நாள் முன்ன காய்ச்சல்ல எங்கிட்டச் சொன்னாரு. அம்பது வருஷமா நான் யார்ட்டயும் சொல்லல.”

“என்னா சொன்னாரு?”

“ஒரு கரட்டு மேட்டுல ரெண்டு நாளாத் தண்ணியில்லாமக் கெடந்தாங்களாம். புதர் அசையுதுன்னு இவரு சுட்டுட்டாரு. கிட்டப் போயிப் பாத்துட்டு, ‘ஐயோ மாதாவே’ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாரு. கீழ கெடந்தவன் கண்ணத் தொறந்து, ‘எந்த ஊரு?’ன்னு கேட்டானாம்.”

அமலன் கட்டிலில் கிடந்த கட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

“காரிமங்கலம்னு சொல்லிருக்காரு. அவன் சிரிச்சானாம். ‘நான் இண்டூரு. பேரு மாதப்பன்’னு சொல்லி, பொண்டாட்டி கருப்பி, மக மாதம்மாள்னு எல்லாப் பேரும் சொன்னானாம். சந்தையில பாத்துக்கிட்டவங்க மாதிரி. அப்பறம் தண்ணி கேட்டான்.”

சின்னப்பராஜ் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“குடுத்தாரா?” என்றான் அமலன்.

“புட்டியில ரெண்டு வாய் இருந்துச்சாம். குடுக்கல. இவன் எப்படியும் பொழைக்க மாட்டான், நாம பொழைக்கணும்னு தோணிருக்கு. ‘தண்ணி இல்ல’ன்னு சொல்லிட்டாரு. புட்டி ஆடற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. அவன் செத்ததுக்கப்பறம் அங்கயே உக்காந்து அந்தத் தண்ணியக் குடிச்சிருக்காரு, அவன் துப்பாக்கியையும் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. ‘சுட்டத சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டன்டா, இத மட்டும் சொல்ல வாய் வரல’ன்னாரு. எங்கிட்டச் சொல்லிட்டுப் போய்ச் சேந்துட்டாரு. என்னிய மாட்டி வுட்டுட்டு.”

வெளியே ஷைனி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அமலன் கேட்டான்: “அவங்க வூட்டுல சொன்னாரா?”

“எங்க சொன்னாரு? சண்ட முடிஞ்சு வந்ததுலருந்து வருசா வருசம் கேவுரு அறுத்ததும் ஒரு மூட்டையத் தூக்கிட்டு இண்டூருக்குப் போவாரு. மாதப்பனுக்குக் கூட்டாளின்னு சொல்லிக்குவாரு. அவன் பொண்டாட்டி, ‘அவரு எங்க இருக்காரு?’ன்னு கேக்கும். ‘தெரியாது’ம்பாரு. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது என்னியும் கூட்டிட்டுப் போனாரு. அந்தம்மா மூட்டையத் தூக்கித் தெருவுல எறிஞ்சிச்சு. கேவுரெல்லாம் புழுதியில கொட்டிப்போச்சு. ‘உன்னால எம்பொண்ணுக்கு மாப்ள வரமாட்டேங்கறான், இனிமே இந்தத் தெருவுல கால வெச்சீன்னா வெட்டிப்புடுவன்’னு கத்துச்சு. அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறந்தான் புரிஞ்சுது, ஊர்ல என்ன பேசியிருப்பாங்கன்னு.”

அன்றிரவு அமலன் தூங்கவில்லை. சண்டையில் சுட்டது சண்டை. தாகத்தில் செய்தது தாகம். அதையெல்லாம் மன்னிக்க அவனால் முடிந்தது. வருடா வருடம் அந்த வாசலில் போய் நின்று, ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டுத் திரும்பியதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் அழுது முடித்திருப்பாள்.

மறுநாள் பட்டறையைத் திறக்காமல் இண்டூருக்கு பஸ் ஏறினான். பெரிய ஊர், எங்கே போய்த் தேடுவது என்று நினைத்திருந்தான். டீக்கடையில் ‘மாதப்பன்’ என்று சொல்லி, ‘மலேயாவுக்குப் போனவரு’ என்றதும் கடைக்காரரே கையை நீட்டிக் காட்டினார். “ஓடிப்போன மாதப்பன் வூடுங்களா? ரேஷன் கடைக்குப் பின்னால. பேத்தி இருக்குது, சத்துணவு டீச்சரு, கோகிலவாணின்னு.” எண்பது வருடமாகியும் ‘ஓடிப்போன’ ஒட்டிக்கொண்டே இருந்தது.

கோகிலவாணிக்கு ஐம்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த களைப்போடு முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அமலன் தன் ஊர், பெயர், தாத்தா பெயர் எல்லாம் சொன்னான். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னான். தண்ணீர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வாய் வரை வந்து நின்றுவிட்டது.

அவள் கை ஒரு காயை உரித்து முடிக்கும் வரை நிற்கவில்லை. பிறகு முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“எந்த வருஷம்?”

“நாப்பத்தஞ்சுங்கக்கா. மாசம் தெரியாது.”

“எங்க ஆயா எம்பத்தொம்பதுல செத்துச்சு. சாவற அன்னிக்கும் குளிச்சுப் பொட்டு வெச்சுக்கிச்சு. மலேயாவுல வேறொருத்தியக் கட்டிக்கிட்டாருன்னு ஊரே சொல்லுச்சு, ஆயாவும் நம்புச்சு. கட்டிக்கிட்டா என்ன, உசுரோட இருக்கட்டும்னு சொல்லும். நாங்க தாலியோடதான் எடுத்துட்டுப் போனோம்.” சிதறிக் கிடந்த தோலைக் கையால் கூட்டி ஒதுக்கினாள். “எங்கம்மாவ மூணு தடவ பொண்ணு பாத்துட்டுப் போயி வேணாம்னுட்டாங்க. அப்பன் ஓடிட்டான், ஆத்தா வூட்டுக்கு ஒரு பட்டாளத்தான் வந்து போறான்னு. கடைசில ரெண்டாந்தாரமாக் குடுத்தாங்க. அந்தப் பட்டாளத்தான் உங்க தாத்தாவா?”

“ஆமாங்கக்கா.”

“கொன்னவனும் அவருதான், கெடுத்தவனும் அவருதான்.”

அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் அமலனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்து எழுந்தான். அவளோ புடவையை உதறிக்கொண்டு எழுந்து கதவைப் பூட்டினாள்.

“அந்த எழுத்தப் பாக்கணும். வாங்க.”

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டிலிருந்து கட்டையை எடுத்துவந்து, பட்டறையில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தான். ‘மா’வில் தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக விரலை விட்டுப் பார்த்தாள்.

“இது எதுக்கு இப்படிக் கருகியிருக்கு?”

“இதுக்கு மேலதாங்க குழல் இருக்கும். சுடச் சுடச் சூடு இந்த எழுத்து மேலதான் எறங்கும்.”

கட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், முகம் கோணாமல், கண்ணீர் மட்டும் இறங்கியது. அமலன் வெளியே போய் நின்றுகொண்டான். உள்ளே அவள் யாரிடமோ பேசுவது போலிருந்தது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

வெளியே வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள். “உடம்பு கெடைக்காதவங்களுக்கு வாழத்தண்டு வெச்சுக் காரியம் செய்வாங்க. எங்க தாத்தாவுக்கு அதுகூடச் செய்ய ஆயா வுடல. உசுரோட இருக்கறவருக்கா செய்வீங்கன்னு கேட்டுச்சு. இப்ப நான் செய்யப்போறன். வாழத்தண்டு வேணாம், இந்த மரம் எனக்கு வேணும். மொத்த மரமும். இரும்ப நீங்களே என்னவாச்சும் பண்ணிக்கங்க. அன்னிக்கு நீங்க வந்து எங்க தெருவுல நின்னு சொல்லணும், அவரு ஓடிப்போவலன்னு.”

அமலன் சரி என்றான். வீட்டில் அதைச் சொன்னபோது சின்னப்பராஜ் கத்தினார். அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

“எங்கப்பனக் கொலகாரன்னு ஊர்கூட்டிச் சொல்லப்போறியா? அதுக்குத்தான் உங்கிட்டச் சொன்னனா?”

“அவங்க எம்பது வருஷமா ஓடிப்போனவன் வூடுன்னு பேர் வாங்கியிருக்காங்கப்பா. நாம பட்டாளத்தார் வூடுன்னு பேர் வாங்கியிருக்கோம். எப்படி வந்துச்சு இந்தப் பேரு?”

“நீ போ. நான் வரமாட்டன்.”

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் காரியம் வைத்தார்கள். அமலன் அதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து மரத்தைச் சுத்தம் செய்திருந்தான். உப்புத்தாள் போடவில்லை, வார்னிஷ் அடிக்கவில்லை. துருக்கறையை மட்டும் துடைத்து, உடைந்த மேல்மூடியை ஒட்டவைத்தான். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் ஆளிருப்பது போலவே இருந்தது. வேலையாட்கள்கூட அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். குரல் மட்டும் எழவில்லை.

இண்டூரில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மரக்கட்டைகளைப் புது வேட்டியில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்து, பறை அடித்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒரு கட்டைக்குப் பாடை கட்டுகிறார்களாம் என்று சிரித்தபடி வந்தவர்கள் கட்டையில் இருந்த பெயரைக் குனிந்து படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

பறை நின்றதும் கோகிலவாணி அமலனைப் பார்த்தாள். அவன் பந்தலின் நடுவே வந்து நின்றான்.

“நான் காரிமங்கலங்க. சவரியப்பன் பேரன். இந்த வூட்டு மாதப்பன் மலேயாவுலருந்து பட்டாளத்துல சேந்து நாப்பத்தஞ்சுல பர்மாவுல செத்துப்போனாரு. ஓடிப்போவல. சாவறப்பக்கூடப் பொண்டாட்டி பேரையும் மக பேரையும் சொல்லிட்டுத்தான் செத்தாரு. அது எங்க தாத்தாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல.”

“உங்க தாத்தாவுக்கு எப்படித் தெரியும்?” என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்.

“அவருதாங்க சுட்டாரு.”

பந்தல் துணி காற்றில் அடித்துக்கொண்டது. ஒரு கிழவி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “கருப்பி, கருப்பி” என்று சொல்லத் தொடங்கினாள்.

பிறகு நீராட்டு. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து கட்டையின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதல் செம்பைக் கோகிலவாணி கையில் எடுத்தாள். செம்பில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டதும் அமலனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் அருகில் போய் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“அக்கா, இன்னொண்ணு இருக்குது. சாவறப்ப அவரு தண்ணி கேட்டாரு. எங்க தாத்தாட்ட இருந்துச்சு. குடுக்கல.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. செம்பை அவன் முன்னால் நீட்டினாள்.

“அப்ப மொதல்ல நீங்க ஊத்துங்க.”

அவன் ஊற்றினான். பாதி விளிம்பில் வழிந்து தரையில் போனது. மீதி, எழுத்துகள் இருந்த பள்ளத்தில் தேங்கி நின்றது. காய்ந்த மரம், எண்பது வருடம் எண்ணெய் குடித்த மரம், அதில் தண்ணீர் ஊறாது என்பது அமலனுக்குத் தெரியும். ஆனால் அவன் கண்முன்னே, பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் கண்முன்னே, அந்தத் தண்ணீர் மெல்லக் குறைந்து வற்றிப்போனது. கோகிலவாணி மறுபடி செம்பை நிறைத்துக் கொடுத்தாள். அதுவும் இறங்கியது. மூன்றாவது செம்புக்குத்தான் தண்ணீர் பள்ளம் நிறைந்து வழிந்தது.

சுடுகாட்டில் எல்லாம் சட்டென்று முடிந்தது. எண்ணெய் ஊறிய மரம் நீலமாகப் பற்றிக்கொண்டு எரிந்தது.

இரும்பை அமலன் காவல் நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டான். இத்தனை அலைந்து தாள் வாங்கிவிட்டு எதற்குத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்று அங்கே கேட்டார்கள். வீட்டில் மாட்ட இடமில்லை என்று சொன்னான்.

மூன்றாம் நாள் சாம்பலைக் கரைக்க ஒகேனக்கல்லுக்கு வேன் பேசியிருந்தார்கள். அமலன் புறப்படும்போது சின்னப்பராஜ் வெள்ளை வேட்டி கட்டி, தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் அமலன் அவரை ஏற்றிக்கொண்டான். இண்டூரில் கோகிலவாணி கலயத்தோடு ஏறியபோது அவர் எழுந்து நிற்க முயன்றார். வேன் கூரை தலையில் இடித்தது. “உக்காருங்க” என்றாள் அவள். வழி முழுக்க அவர் அந்தக் கலயத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அருவியின் இரைச்சலில் பேசினால் கேட்கவில்லை. கோகிலவாணி முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கலயத்தைக் கவிழ்த்தாள். சாம்பல் ஒரு நொடி வட்டமாக நின்று பிறகு இழுபட்டுப் போனது. அவள் மூன்று முறை முழுகி எழுந்து, புடவையைப் பிழிந்தபடி கரைக்கு வந்தாள்.

சின்னப்பராஜ் பாறையில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் வந்ததும் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

“அம்மா, எங்களுக்குக் கல்லறத் திருநாள் வருதும்மா, நவம்பர்ல. செத்தவங்களுக்குப் பூசை வெப்போம். அன்னிக்கு உங்க தாத்தா பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லட்டுங்களா? வருசா வருசம் சொல்லுவோம்.”

அவள் முடியை அவிழ்த்துத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். கோபம் தெரியவில்லை. களைப்பு மட்டும் இருந்தது.

“வேணாங்கய்யா” என்றாள். “எம்பது வருஷம் உங்க வூட்டுச் செவுத்துக்குள்ளயே இருந்துட்டாரு. இனி அவர வுட்டுடுங்க.”

சின்னப்பராஜ் தலையை ஆட்டினார். எழுந்திருக்க முடியாமல் தடியைத் தேடித் தடவினார். அமலன் ஒரு கையைப் பிடித்தான், மறு கையை அவள் பிடித்தாள். பாறை வழுக்கியதால் மூன்று பேரும் அடிமேல் அடி வைத்து வேன் நின்ற இடத்துக்கு ஏறிப் போனார்கள்.